நோய் தீர்ந்தபின் தொடங்கும் உரிமை: புற்றுநோயிலிருந்து மீண்டோரும் சட்டத்தின் மௌனமும்

புற்றுநோய் குறித்த நமது பொதுப்பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறது. ஒன்று, நோயை முன்கூட்டியே கண்டறிவது. மற்றொன்று, சிகிச்சைச் செலவுக்கு வழி தேடுவது. இவ்விரண்டிலும் தமிழ்நாடு குறிப்பிடத்தக்க தூரம் கடந்திருக்கிறது. 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது. இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை ஏழைக் குடும்பங்களின் கையில் இருக்கிறது. ஆனால் அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் கீமோதெரபியும் முடிந்து, “இனி வீட்டுக்குப் போகலாம்” என்று மருத்துவர் சொன்ன பிறகு அம்மனிதர் எவ்வாறு உழைத்து வாழ்வார் என்ற கேள்விக்கு நமது திட்டங்களிலும் சட்டங்களிலும் நேரான விடை இல்லை.

இவ்விடைவெளி எல்லோரையும் பாதிக்கிறது. எனினும் நிலமும் சேமிப்பும் இல்லாத, உடலுழைப்பு ஒன்றையே மூலதனமாகக் கொண்ட தலித் வேளாண் கூலிகளை அது தாக்கும் விதம் வேறு. வத்திராயிருப்பு வட்டாரத்தை முன்வைத்து, அந்த இடைவெளி எங்கே இருக்கிறது, இருக்கும் சட்டங்களைக் கொண்டு அதில் எவ்வளவை இன்றே அடைக்க முடியும், எதற்காகப் போராட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

வத்திராயிருப்பிலிருந்து மதுரை வரை

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த வட்டம் வத்திராயிருப்பு. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீரில் நெல்லும் தென்னையும் விளையும் பூமி. சதுரகிரி மலைக்குச் செல்லும் பக்தர்கள் இவ்வூரைப் பசுமையான ஊராக அறிவார்கள். இங்குள்ள சேரி மக்களுக்கோ இது முதலில் கூலி வேலையின் ஊர். நாற்று நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு, தென்னந்தோப்பு வேலை என்று ஆண்டு நகரும். வயலில் வேலை குறையும் மாதங்களில் சிவகாசியின் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளும் இராஜபாளையத்தின் நூற்பாலைகளும் அடுத்த புகலிடம்.

புற்றுநோய் என்று ஐயம் எழுந்தால் வத்திராயிருப்பு அரசு மருத்துவமனையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கும், 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும், அங்கிருந்து மதுரைக்கும் பாதை நீள்கிறது. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையும் பாலரெங்காபுரத்தில் உள்ள அதன் புற்றுநோய் மையமும் தென்மாவட்ட ஏழைகளின் முதன்மை நம்பிக்கை. வத்திராயிருப்பிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர்.

சிகிச்சை முடிந்த பின்னும் இப்பயணம் முடிவதில்லை. நோய் திரும்புகிறதா என்று பார்க்க முதல் சில ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோயில் ஒரு சாராருக்கு டமாக்சிபென் போன்ற மாத்திரைகளை ஐந்து ஆண்டுகள், சிலருக்குப் பத்து ஆண்டுகள் வரை தொடர வேண்டியிருக்கும். ஒவ்வொரு பயணத்திலும் நோயாளி, துணைக்கு வருபவர் ஆகிய இருவரின் ஒரு நாள் கூலி போகிறது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கு உரியது; மதுரை செல்லும் புறநகர்ப் பேருந்துக்கு அது பொருந்தாது. தொடர் பரிசோதனைக்குச் செல்லும் புற்றுநோயாளிகளுக்கு இரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. ஆனால் வத்திராயிருப்பில் இரயில் நிலையம் இல்லை.

காப்பீட்டின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. 2018இல் இதனோடு இணைக்கப்பட்ட ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் வடிவமைப்பில், மருத்துவமனையிலிருந்து வெளிவந்த பின் 15 நாள் வரையிலான செலவே அடங்கும். இழந்த கூலியும் பேருந்துக் கட்டணமும் வாங்கிய கடனின் வட்டியும் எந்தச் சிகிச்சைத் தொகுப்பிலும் இல்லை. மருத்துவச் செலவு இல்லாமலேயே ஒரு குடும்பம் கடனில் மூழ்குவது இவ்வாறுதான்.

உடலில் எஞ்சுவது, உழைப்பில் இழப்பது

புற்றுநோய்ச் சிகிச்சை உயிரைக் காக்கிறது. அதே வேளையில் உடலில் நிலையான மாற்றங்களையும் விட்டுச் செல்கிறது. மேசை வேலை செய்பவருக்குச் சிரமமாக இருக்கும் ஒரு பின்விளைவு, வயலில் வேலை செய்பவருக்கு வேலையையே பறிப்பதாகிவிடும்.

மார்பக அறுவையின்போது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டால், அந்தப் பக்கத்துக் கையில் நிணநீர் தேங்கி வீங்கும் வாய்ப்பு உண்டு. இது சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். அக்கையில் முள் குத்துவது, அரிவாள் கீறுவது, பூச்சி கடிப்பது, தொடர்ந்து பாரம் தூக்குவது ஆகியவற்றில் கவனம் வேண்டும் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துவார்கள். தோள்பட்டை இறுகாமல் இருக்கப் பயிற்சி தேவை. கதிரறுக்கவும் தென்னை மட்டை சுமக்கவும் அதே கையை நம்பியிருக்கும் பெண்ணுக்கு இந்த அறிவுரையைக் கடைப்பிடிப்பது என்றால் வேலைக்குப் போகாமல் இருப்பது என்று பொருள்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்குச் சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றில் நீண்டகாலத் தொல்லைகளும் இரத்தக்கசிவும் ஏற்படலாம். மாதவிடாய் முன்கூட்டியே நின்று எலும்பு பலமிழக்கலாம். பிறப்புறுப்பு சுருங்குவதால் தாம்பத்தியம் வலி மிகுந்ததாகும். இதற்கு எளிய பயிற்சி முறைகள் உண்டு என்பதைக்கூட யாரும் சொல்லாததால் குடும்பத்துக்குள் பிணக்கும் கைவிடப்படுதலும் நேர்கின்றன. நடவு வயலில் குனிந்து நிற்கும் வேலையில், அருகில் கழிப்பறை இல்லாத சூழலில், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய ஒரு பெண் எவ்வாறு நாள் முழுதும் நிற்பார்?

வாய்ப் புற்றுநோயிலிருந்து மீண்டவருக்கு வாய் முழுமையாகத் திறக்காமல் போகலாம். உமிழ்நீர் வற்றிப் பற்கள் விரைவில் சிதையும். கூழோ கஞ்சியோ தவிர வேறு விழுங்க முடியாது போகலாம். குடல் அறுவைக்குப் பின் வயிற்றில் பை பொருத்தப்பட்டவர்களுக்குத் தூய நீரும் தனிமையான கழிப்பிடமும் அன்றாடத் தேவை. சில கீமோதெரபி மருந்துகள் விரல்களையும் பாதங்களையும் மரத்துப்போகச் செய்கின்றன. செருப்பின்றிச் சேற்றில் இறங்குபவருக்கு அது ஆறாத புண்ணில் முடியும். இவை அனைத்தோடும் சேர்ந்து, ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பும் நோய் திரும்புமோ என்ற அச்சமும் இருக்கின்றன.

இவற்றின் மீது சாதி தன் பங்கைச் சுமத்துகிறது. குடியிருப்புக்குத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, தெருவில் கழிப்பறை இருக்கிறதா, சுகாதாரப் பணியாளர் அத்தெருவுக்குள் வருகிறாரா என்பன சாதியோடு பிணைந்த கேள்விகள். புற்றுநோய் தொற்றாது. ஆயினும் தீண்டாமைக்குப் பழகிய சமூகத்தில் நோயின் மீதான அருவருப்பு எளிதாக ஒட்டிக்கொள்கிறது. இந்தியாவில் தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது உயர்சாதிப் பெண்களுடையதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சுட்டியது. நோயில் பிழைத்தவர் பிழைத்தபின் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பதையும் இந்த இடைவெளியின் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும்.

ஒரே நோய், இருவேறு பாதுகாப்பு

இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இ.எஸ்.ஐ. பதிவுடன் வேலை செய்யும் பெண்ணையும், வத்திராயிருப்பில் வயல் வேலை செய்யும் அவருடைய அக்காவையும் எண்ணிப் பார்ப்போம். இருவருக்கும் ஒரே புற்றுநோய் என்று கொள்வோம்.

தங்கைக்கு இ.எஸ்.ஐ. திட்டத்தின் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி உண்டு. புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, தகுதியுள்ள தொழிலாளிக்கு ஊதியத்தில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டுகள் வரை இத்திட்டத்தில் கிடைக்கும். அவர் ஓய்வெடுக்கலாம், கை வலுப்பெறும்வரை காத்திருக்கலாம். ஒப்பந்தக்காரரின் கீழ்ப் பதிவின்றி வேலை வாங்கப்படுபவராக அவர் இருந்தால் இதுவும் இல்லை என்பது வேறு கதை. அக்காவுக்கோ சிகிச்சை முடிந்த மறு வாரமே வேலை தேட வேண்டிய நிலை.

தொழிலாளர்களுக்கான நலக்காப்பீட்டுத் திட்டத்தை வகுக்க 1943இல் பி.பி. அடார்கர் நியமிக்கப்பட்டார், 1944இல் அறிக்கை அளித்தார். அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பு வகித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் அந்த அடித்தளத்தில் எழுந்தது. நோயுற்ற தொழிலாளிக்கு மருத்துவம் மட்டும் போதாது, வருமானமும் தொடர வேண்டும் என்ற கொள்கை அப்போதே இந்நாட்டுச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கொள்கை ஆலை வாயிலைத் தாண்டி வயலுக்கு வரவில்லை. தமிழ்நாட்டின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகை என்ற பிரிவு இருப்பது நல்ல தொடக்கம். ஆனால் தற்காலிகம் என்ற சொல்லே, நிலையாக உழைப்புத்திறன் குறைந்தவரை வெளியே நிறுத்துகிறது.

‘குணமானவர்’: சட்டம் ஏற்கெனவே அறிந்த சொல்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. புற்றுநோய் அதில் இல்லை. நோய் வேறு, குறைபாடு வேறு என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் அதே பட்டியலின் தொடக்கத்திலேயே ‘தொழுநோயிலிருந்து குணமானவர்’ என்ற வகை இருக்கிறது. நோய் தீர்ந்தபின்னும் கைகால்களில் உணர்விழப்போ உருமாற்றமோ எஞ்சியிருப்பவர் என்று சட்டம் அவரை வரையறுக்கிறது. வருவாய் தரும் தொழிலில் ஈடுபட முடியாத நிலையையும் அவ்வரையறை கணக்கில் கொள்கிறது.

இதன் சட்டப் பொருள் ஆழமானது. நோய் போனாலும் அதன் தடம் உடலிலும் பிழைப்பிலும் சமூகத்தின் பார்வையிலும் தங்கிவிடும் என்பதை இந்தியச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கீமோதெரபியால் பாதம் மரத்துப்போன வேளாண் கூலிக்கும் இந்த வரையறைக்கும் இடையே உள்ள வேறுபாடு, நோயின் பெயர் மட்டுமே. ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுப்பதற்குச் சமத்துவத்தைக் கூறும் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் என்ன நியாயம் இருக்க முடியும்?

பட்டியலை விரிவாக்க நாடாளுமன்றம் கூடிச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஒன்றிய அரசு அறிவிக்கும் வேறு வகையும் சேரலாம் என்று பட்டியலின் இறுதியிலேயே கூறப்பட்டுள்ளது. ஓர் அறிவிக்கை போதும். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் புற்றுநோயைத் தன்னளவிலேயே குறைபாடாகக் கருதுகிறது. கடந்த காலத்தில் குறைபாடு இருந்தவருக்கும் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை அல்ல என்பதற்கு அது சான்று.

அறிவிக்கை வரும்வரை இருக்கும் சட்டத்திலும் வாயில்கள் உள்ளன. குரல்வளை அகற்றப்பட்டதால் ஏற்படும் நிலையான பேச்சிழப்பு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்று பட்டியலில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. எலும்புப் புற்றுநோயால் கால் அகற்றப்பட்டவர் இயக்கக் குறைபாடு என்ற வகைக்குள் வருவார். மார்பக அறுவைக்குப் பின் தோளும் கையும் நிலையாக இயங்கத் தவறினால், அந்த இயக்க இழப்பை அளவிடக் கோரி விண்ணப்பிக்கலாம். இவர்களில் பலர் தமக்குச் சான்றிதழ் பெறும் வழி இருப்பதையே அறியாமல் இருப்பது பெரும் இழப்பு.

குறைபாடு 40 விழுக்காட்டை எட்டவில்லை என்றால் உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் கிடைப்பதில்லை. ஆனால் உரிமை முழுவதும் அங்கே முடிந்துவிடவில்லை. நீண்டகாலக் குறைபாடு சமூகத் தடைகளோடு சேர்ந்து ஒருவர் பிறரோடு சமமாகப் பங்கேற்பதைத் தடுக்குமாயின் அவர் மாற்றுத்திறனாளி என்று சட்டத்தின் 2ஆம் பிரிவு வரையறுக்கிறது. பொருளாதார, சமூக, மனப்பான்மைத் தடைகளும் ‘தடை’ என்ற சொல்லில் அடங்கும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. வறுமையையும் சாதியையும் இதில் சேர்த்துப் படிக்க எந்தச் சட்டத் தடையும் இல்லை. 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், நியாயமான ஏற்பாடுகளைக் கோரும் உரிமை 40 விழுக்காடு என்ற வரம்புக்குள் அடைபட்டதல்ல என்று தீர்ப்பளித்தது. அது தேர்வு எழுதுவதற்கு உதவியாளர் கோரிய வழக்கு. அதன் தர்க்கம், மீண்டு வந்த கூலித் தொழிலாளிக்கு நிழலில் அமர்ந்து செய்யும் வேலை கோரும் வழக்கிலும் எடுத்துரைக்கத் தக்கது.

தொடர்ந்து கவனிப்பது யார் கடமை?

அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, நோயுற்ற நிலையிலும் இயலாமையிலும் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வகை செய்ய வேண்டும் என்கிறது. வழிகாட்டு நெறி என்பதால் இதை நேரடியாக வழக்காட முடியாது. ஆனால் வாழ்வுரிமையைக் கூறும் 21ஆம் பிரிவோடு இதைச் சேர்த்துப் படித்த தீர்ப்புகள் உள்ளன. கல்நார் ஆலைத் தொழிலாளர்கள் தொடர்பாக 1995இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அவற்றுள் முக்கியமானது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ, வேலையை விட்டபின் 15 ஆண்டுகளோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பேண வேண்டும் என்று அது ஆணையிட்டது. நோய் பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும் என்பதால் கண்காணிக்கும் கடமையும் நீள வேண்டும் என்ற இக்கருத்து, புற்றுநோயிலிருந்து மீண்டவருக்கும் பொருந்தும்.

இக்கடமையைச் செயல்படுத்தும் கருவி தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும் இயன்முறை மருத்துவர்களும் நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர்களும் வீடு தேடி வருகிறார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இயன்முறைச் சிகிச்சை, ஆதரவுச் சிகிச்சை என்று அதன் பிரிவுகள் அமைந்துள்ளன. புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர் என்பது அவற்றில் தனித்த பிரிவாக இல்லை. ஆதரவுச் சிகிச்சை என்றால் மரணப் படுக்கையில் இருப்போருக்கானது என்ற தவறான எண்ணமும் பரவலாக உள்ளது. ஆகவே வீங்கிய கையோடு நடமாடும் பெண் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

வத்திராயிருப்பின் மலைக்கு அப்பால் இருக்கும் கேரளம் வேறொரு வழியைக் காட்டியிருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து வளர்ந்தது. 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சி அமைப்புகள் வீட்டுச் சேவையைத் தம் பொறுப்பாக ஏற்றன. மருந்தோடு அரிசியும், பிள்ளைகளின் படிப்புக்கான உதவியும் நோயாளியின் தேவைகளே என்று அவ்வியக்கம் கருதியது. நாம் அங்கிருந்து கற்க வேண்டியது இதையே.

இன்றே செய்யக்கூடியவை

முதலாவது, ஆவணம். வீடு திரும்பும்போது என்ன சிகிச்சை தரப்பட்டது, எந்தப் பின்விளைவுகளை எதிர்பார்க்க வேண்டும், எப்போது யாரிடம் வர வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் இத்தகைய எழுத்துத் திட்டம் வழங்கப்பட வேண்டும் என்று அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2005லேயே பரிந்துரைத்தது. நம் ஊரில் அது தமிழில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்போம்.

இரண்டாவது, சான்றிதழ். உறுப்பிழப்போ நிலையான செயலிழப்போ உள்ளவர்கள் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். மறுக்கப்பட்டால் சட்டத்தின் 59ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். சான்றிதழ் கிடைத்து, பிற தகுதிகளும் இருந்தால் 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்ட மாத உதவித்தொகை, கட்டணமில்லா நகரப் பேருந்துப் பயணம் போன்றவற்றைக் கோர முடியும். அரசு வேலையில் இருந்தவர் பணிக்காலத்தில் குறைபாடு அடைந்தால் அவரைப் பணிநீக்கமோ பதவி இறக்கமோ செய்யக் கூடாது என்கிறது 20ஆம் பிரிவு.

மூன்றாவது, சட்ட உதவி. பட்டியல் சாதியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்ட உதவிப் பணிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு வகை செய்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அங்கு அணுகலாம். மருத்துவமனையில் தீண்டாமை பாராட்டி அனுமதி மறுத்தால் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் அது குற்றம். பொதுக் குழாயைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். கடன் வசூல் என்ற பெயரில் வீட்டு வாசலில் வந்து மிரட்டுவோருக்கு எதிராக 2025இல் தமிழ்நாடு இயற்றிய சட்டமும் இருக்கிறது.

நான்காவது, கிராம சபை. ஊராட்சியில் சிகிச்சை முடித்து வாழ்வோரின் தேவைகளைத் தொகுத்து, மக்களைத் தேடி மருத்துவக் குழு அவர்களையும் சந்திக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றலாம். பெயர்களைப் பொதுவில் படிக்காமல், ஒப்புதல் தந்தோரின் விவரத்தை மட்டும் சுகாதார நிலையத்தில் சேர்ப்பது அவர்களின் கண்ணியத்தைக் காக்கும்.

நாம் கோர வேண்டியவை

ஒன்றிய அரசு, புற்றுநோயிலிருந்து குணமாகி நிலையான பின்விளைவுகளோடு வாழ்வோரைக் குறைபாட்டுப் பட்டியலில் அறிவிக்கை மூலம் சேர்க்க வேண்டும். மாநில அரசு, நிலமற்ற வேளாண் கூலிகளுக்கு இ.எஸ்.ஐ. திட்டத்துக்கு நிகரான நோய்க்கால வருமானத்தை உறுதி செய்ய வேண்டும். தொடர் பரிசோதனைக்கான பயணச் செலவையும் துணைக்கு வருபவரின் கூலி இழப்பையும் காப்பீட்டுத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். வட்ட மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாளாவது தொடர் கவனிப்புப் பிரிவு இயங்கினால் மதுரைப் பயணங்களில் பாதியேனும் தேவையற்றுப் போகும். அங்கு இயன்முறைச் சிகிச்சை, வீக்கத்தைக் கட்டுப்படுத்தும் கையுறை, செயற்கை மார்பகம், வயிற்றுப் பை, மனநல ஆலோசனை ஆகியவை இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

இதற்கு நிதி எங்கே என்று கேட்பார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கெனத் தமிழ்நாடு 2024இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் 20 விழுக்காடாக உள்ள பட்டியல் சாதியினருக்கு உரிய பங்கு நிதி, அவர்களை நேரடியாகச் சென்றடையும் பணிகளுக்குச் செலவிடப்பட வேண்டும். உழைக்கும் திறனை இழந்தவருக்கு மறுவாழ்வு அளிப்பதைவிட நேரடியான பயன் வேறு எது?

ஒருவரைச் சாவிலிருந்து மீட்க அரசு லட்சக்கணக்கில் செலவிடுகிறது. மீண்டவர் பட்டினியிலும் கடனிலும் புறக்கணிப்பிலும் மெல்லச் சாவாராயின் அச்செலவுக்குப் பொருள் இல்லை. உயிர் காப்பது மருத்துவத்தின் வேலை. காத்த உயிர் கண்ணியமாக வாழ வழி செய்வது அரசமைப்புச் சட்டம் அரசுக்கு இட்ட கடமை. அக்கடமையை எழுத்து மூலம், மனு மூலம், தேவையெனில் வழக்கு மூலம் கேட்கத் தொடங்குவோம்.